திரைப்படத்தை நிறுக்கும் கோல்

நூல் ஒன்றாயினும் அதற்கு உரை பலவாதல் உண்டு. உரை பலவாகிய இடத்தில், அவற்றுள் மெய்யுரை எது என்ற வினா எழுதலும் இயல்பே. அவ்வினாவுக்கு விடை காணத் தமிழர் கொண்ட முறை ஒன்றை இறையனார் களவியல் உரை கதை வடிவில் சொல்லுகிறது. பன்னீராண்டுப் பஞ்சம் நீங்கிய பின் பொருளிலக்கணம் வல்லாரைக் காணாது பாண்டியன் வருந்தினான். ஆலவாய் இறைவன் அறுபது சூத்திரம் செய்து அளித்தான். சங்கப் புலவர் ஒவ்வொருவரும் அதற்கு உரை கண்டனர். தத்தம் உரையே சிறந்தது என்று மாறுபட்டு நின்றனர். நடுவர் ஒருவர் வேண்டும் என்ற நிலை வந்தபோது, அப்பணிக்குக் காட்டப்பெற்றவன் பெரும்புலவனும் அல்லன், அரசனும் அல்லன். உப்பூரிகுடி கிழார் மகனாகிய உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன் அவன். பேச்சில்லாத மூங்கைப் பிள்ளை. அவனை உயர்ந்த பலகையில் இருத்திப் புலவர்கள் கீழிருந்து உரை சொன்னார்கள். பலர் உரைக்கும் அவன் வாளா இருந்தான். மருதனிளநாகனார் உரைத்தபோது சில இடங்களில் கண்ணீர் வார்ந்தது, மெய்ம்மயிர் சிலிர்த்தது. நக்கீரர் உரைத்தபோதோ சொல்தோறும் அவ்வாறு நிகழ்ந்தது. அவ்வுரையே மெய்யுரை எனக் கொள்ளப்பட்டது.

கதை வரலாறா என்பது வேறு ஆராய்ச்சி. அக்கதையில் பொதிந்த கருத்து மட்டும் இங்கே வேண்டப்படுவது. திறனாய்வின் முதல் தகுதி நாவன்மை அன்று. நல்லதைக் கேட்டால் உருகும் நெஞ்சு என்பது அக்கருத்து. இத்தகுதியை அளவுகோலாகக் கொண்டு நோக்கத் தக்க ஒரு துறை இன்று நம் வீடுகளுக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. அது தொலைக்காட்சியில் நிகழும் திரைப்படத் திறனாய்வு. அந்நிகழ்ச்சியை நடத்துபவர் விலகும்போதோ மறையும்போதோ அவ்விடத்துக்கு எவரைத் தேர்வது, எதைக் கொண்டு தேர்வது என்னும் வினா சிறு வினாவன்று.

திரையருகே நின்றவர்

படத்துக்கும் மக்களுக்கும் நடுவே ஒருவர் நின்று பேசுதல் தொலைக்காட்சியோடு பிறந்த வழக்கமன்று. பேசாப் படக் காலத்தில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரையருகே ஒருவர் நின்று, எழுத்தறியாத மக்களுக்குக் கதையை விளக்கிச் சொல்லுவது வழக்கமாக இருந்தது. ஜப்பானில் இவ்வாறு விளக்கம் கூறுவோர் பென்ஷி எனப்பட்டனர். நடிகருக்கு நிகரான புகழ் அவர்களுக்கு இருந்தது. இன்ன பென்ஷி பேசுகிறார் என்பதற்காகவே மக்கள் படத்துக்குச் சென்றனர். 1931 அக்டோபரில் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்த்திரை பேசத் தொடங்கியபின், தமிழ்நாட்டில் அந்த விளக்கக்காரருக்கு வேலை படிப்படியாக இல்லாது போயிற்று.

மலாயாத் தோட்டங்களில் அவ்வேலை இன்னும் சில காலம் நீடித்தது. தகவல் இலாகாவின் படவண்டி மாலையில் தோட்டத்துக்கு வரும். திடலில் வெள்ளைத் துணி கட்டப்படும். அலுவலர் ஒருவர் ஒலிபெருக்கி வழியே படத்தை விளக்குவார். சம்பள நாளை ஒட்டித் தமிழ்ப் படம் காட்டப்படுவதும் உண்டு. படம் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும்போது அப்படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே நிற்பார்கள். தாய் அழுத இடம் மெய்யாக இருந்ததா, தங்கையை மணந்தவன் செய்தது முறையா, கோமாளி வந்ததால் கதை கெட்டதா என்றெல்லாம் வழக்காடுவார்கள். எழுதப்படாத அத்திறனாய்வில் விலைபோன சொல் ஒன்றும் இல்லை. படமெடுத்தவருக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லாததே அதற்குக் காரணம்.

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பரில் தொடங்கியது. 1996இல் ஆஸ்ட்ரோ வந்தபின் தமிழுக்கெனத் தனி அலைவரிசையும் உண்டாயிற்று. தமிழ்நாட்டில் 1993இல் சன் தொலைக்காட்சி தோன்றியது. ஏனைய தனியார் நிலையங்களும் தொடர்ந்தன. திடலில் கூடிய கூட்டம் வீட்டுக்குள் சென்றது. பெரட்டில் நடந்த வழக்காடல் மெல்ல ஓய்ந்தது. அவ்விடத்தில் இப்போது ஒருவரே பேசுகிறார், கோடிக்கணக்கானோர் கேட்கின்றனர். ஆகவே அந்த ஒருவரின் தகுதி முன்னெப்போதையும்விடப் பெரிதாயிற்று.

சிகாகோவில் நிகழ்ந்த தேர்வு

இத்தேர்வு எத்துணை அரியது என்பதை அமெரிக்காவின் சிகாகோ நகரில் நிகழ்ந்த வரலாறு நன்கு காட்டும். அந்நகரில் ஒன்றோடொன்று போட்டியிட்ட இரு நாளிதழ்களின் திறனாய்வாளர்கள் ஜீன் சிஸ்கெலும் ரோஜர் ஈபர்ட்டும். சிஸ்கெல் 'சிகாகோ டிரிபியூன்' இதழையும், ஈபர்ட் 'சிகாகோ சன் டைம்ஸ்' இதழையும் சேர்ந்தவர்கள். திரைப்படத் திறனாய்வுக்காக ஈபர்ட் 1975இல் புலிட்சர் பரிசு பெற்றவர். அவ்வாண்டிலேயே இருவரும் பொதுத் தொலைக்காட்சி ஒன்றில் எதிரெதிரே அமர்ந்து படங்களைப் பற்றி வாதிடத் தொடங்கினர். நிலையங்களும் நிகழ்ச்சியின் பெயர்களும் மாறின, இருவரும் மாறவில்லை. கட்டைவிரலை மேலே காட்டினால் நன்று, கீழே காட்டினால் தீது என்பது அவர்கள் முத்திரையாயிற்று.

அவர்கள் அழகரும் அல்லர். இனிய குரலினரும் அல்லர். பின் எதனால் நாடு அவர்களைக் கேட்டது? ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தைக் காண்போர் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒருவர் பொய்யாகப் புகழ்ந்தால் மற்றவர் முகம் சுளிக்கும்; மெய்யாக உருகினால் அம்முகமும் கனியும். அஃதாவது, ஒருவர்க்கு மற்றவர் உருத்திரசன்மனாக அமைந்தார். அந்நிகழ்ச்சியின் உயிர் பேச்சில் இருந்ததைவிடக் கேட்கும் முகத்தில் மிகுதியாக இருந்தது எனலாம்.

1999 பிப்ரவரி 20ஆம் நாள் சிஸ்கெல் மறைந்தார். அவர் இருக்கை உடனே நிரப்பப்படவில்லை. வாரந்தோறும் வெவ்வேறு திறனாய்வாளர்கள் அங்கு வந்து ஈபர்ட்டின் எதிரே அமர்ந்தனர். ஓராண்டுக்கு மேல் இவ்வாறு சென்றபின் 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ரோப்பர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பலரை அமர்த்திப் பார்த்துத் தேர்ந்த அம்முறை பாராட்டத்தக்கது. தேர்வின் முடிவில் மட்டும் ஒரு குறை உண்டு. ரோப்பர் ஈபர்ட்டின் இதழிலேயே பொதுச் செய்திகளைப் பற்றி எழுதிவந்தவர். படத் திறனாய்வாளராகப் பெயர் பெற்றவர் அல்லர். எதிரெதிர் இதழ்களின் போட்டியால் பிறந்த கூர்மை, ஓர் இதழினர் இருவர் அமர்ந்தபோது சற்று மழுங்கியது. ஆயினும் எட்டாண்டுகள் அவர் அவ்விருக்கையைக் காத்தார் என்பதையும் மறுத்தல் ஆகாது.

2006இல் நோயும் அறுவை மருத்துவமும் ஈபர்ட்டின் பேசும் ஆற்றலைப் பறித்தன. 2008இல் அவரும் ரோப்பரும் நிகழ்ச்சியை விட்டு நீங்கினர். இப்போது நிகழ்ந்த தேர்வே கூர்ந்து நோக்கத்தக்கது. நிலையத்தார் பென் லயன்ஸ், பென் மேன்கிவிச் என்னும் இருவரை அமர்த்தினர். முன்னவர், 1982இல் சிஸ்கெலும் ஈபர்ட்டும் விட்டுச்சென்ற பழைய நிகழ்ச்சியில் அவர்கள் இடத்துக்கு வந்த இருவருள் ஒருவராகிய ஜெஃப்ரி லயன்ஸின் மகன். பின்னவர், 'சிட்டிசன் கேன்' என்னும் புகழ்பெற்ற படத்தின் எழுத்தாளருள் ஒருவரான ஹெர்மன் மேன்கிவிச்சின் பேரன். இளமையும் குடிப்பெயரும் இருந்தன. ஆயினும் காண்போரிடத்தும் திறனாய்வாளரிடத்தும் கடுமையான குறைகூறல் எழுந்தது. ஓராண்டுக்குள் இருவரும் மாற்றப்பட்டனர். 2009இல் 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் ஏ. ஓ. ஸ்காட்டும், 'சிகாகோ டிரிபியூன்' இதழின் மைக்கேல் பிலிப்சும் அமர்த்தப்பட்டனர். இருவரும் தகுதி மிக்கவர். ஆனால் காலம் கடந்துவிட்டது. 2010 ஆகஸ்டில் நிகழ்ச்சி முடிவுற்றது. இணையத்தின் வளர்ச்சி முதலிய பிற காரணங்களும் இதற்கு உண்டு. எனினும் ஓர் உண்மை இதனால் விளங்கும். நம்பிக்கையை இழந்த பின் செய்யும் நல்ல தேர்வு, இழக்குமுன் செய்யும் நல்ல தேர்வுக்கு ஈடாவதில்லை.

இவ்வரலாற்றின் இறுதிப் பகுதி உருத்திரசன்மன் கதையையே நினைவூட்டுவது. பேச்சிழந்த ஈபர்ட் திறனாய்வை இழக்கவில்லை. எழுத்தால் முன்னிலும் மிகுதியாகப் பேசினார். 2012ஆம் ஆண்டில் மட்டும் அவர் எழுதிய படத் திறனாய்வுகள் 300க்கு மேற்பட்டவை. 2013 ஏப்ரல் 4ஆம் நாள் மறையும்வரை மக்கள் அவர் தீர்ப்பைத் தேடிப் படித்தனர். தொலைக்காட்சியால் புகழ்பெற்ற ஒருவர் குரல் நீங்கியபின்னும் திறனாய்வாளராகவே நின்றார் எனின், குரல் அவர்க்கு அணியாக இருந்ததேயன்றி உயிராக இருந்ததில்லை என்பது தெளிவு.

தென்னை எவர் முற்றத்தில் காய்க்கிறது?

ஆசிரியர் கூட்டத்துக்கு இப்பொருள் புதியதன்று. நன்னூல் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் நல்லாசிரியர்க்கு உவமை நான்கும், ஆசிரியர் ஆகாதார்க்கு உவமை நான்கும் வகுத்துள்ளார். மக்கள் முன் நின்று ஒன்றைப் பற்றிச் சொல்லும் எவரையும் அவ்வெட்டால் அளந்து பார்க்கலாம்.

ஆகாதார்க்கு உரிய உவமைகளை முதலில் நோக்குவோம். கழற்சிக்காய் நிறைத்த குடத்தைக் கவிழ்த்தால் முன் இட்டது பின்னும் பின் இட்டது முன்னுமாக விழும். படத்தின் கதை, நடிகரின் திருமணம், பாட்டு, வசூல் ஆகிய அனைத்தையும் வரிசையின்றிக் கொட்டும் நடத்துநர் கழற்குடத்தை ஒப்பவர். மடல் சூழ்ந்த பனை தன்னை அணுக விடாது; தானே உதிர்த்தால்தான் பழம். தம் மேதைமையைக் காட்டவேண்டி எவர்க்கும் விளங்காத சொற்களால் பேசுபவர் இவ்வகையினர். பஞ்சடைத்த குண்டிகையில் இடுவதும் அரிது, எடுப்பதும் அரிது. எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர் இவர். ஒரு வினா எழுந்தால் விடை வாராது.

நான்காவதாகிய முடத்தெங்கே இக்காலத்துக்கு மிகப் பொருந்துவது. நீர் வார்த்தவன் ஒருவன். வளைந்த தென்னை காய் உதிர்ப்பதோ அடுத்தவன் முற்றத்தில். காண்போர் தம் நேரத்தைக் கொடுத்து ஒரு நிகழ்ச்சியை வளர்க்கின்றனர். அதன் பயனோ படமெடுத்தவர்க்குப் போய்ச் சேருகிறது. ஒரு படத்தின் ஒளிபரப்பு உரிமையை விலைக்கு வாங்கிய நிலையம் அப்படத்தைப் பற்றித் தானே திறனாய்வு செய்யும்போது, தென்னை எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நடத்துநர் நல்லவராக இருக்கலாம். நடப்பட்ட இடம் வளைந்திருந்தால் மரம் என் செய்யும்? ஆதலால் நடத்துநரைத் தேர்வதற்குமுன், தீங்கு சொல்லும் உரிமை அவருக்கு உண்டா என்பதை நிலையம் தேர்ந்து முடிவு செய்தல் வேண்டும்.

நல்லாசிரியர்க்குச் சொன்ன நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கனுள் நிறைகோல் தலையாயது. ரப்பர்த் தோட்டத்துத் தமிழருக்கு இதை விளக்க உரை வேண்டா. விடியலில் வெட்டிய பாலைச் சுமந்து வந்து நிறுக்கும் கொட்டகையில் நின்றவர்கள் தராசின் முள்ளைக் கண் கொட்டாது பார்த்தவர்கள். முள் சற்றுச் சாய்ந்தால் அன்றைய உழைப்பில் ஒரு பங்கு மறைந்து போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தொலைக்காட்சியின் முன் அமர்கின்றனர். அங்கே நிறுக்கப்படுவது பாலன்று, சுவை. ஆயினும் முள் சாயலாகாது என்னும் நெறி ஒன்றே.

துறையினரா, புறத்தாரா?

திரைத்துறையைச் சேர்ந்தவரே படத்தைப் பற்றிப் பேசத் தக்கவர் என்பது ஒரு கொள்கை. துறைக்குப் புறம்பானவரே நடுவு நிற்பர் என்பது மற்றொன்று. தமிழில் இரண்டுக்கும் சான்று உண்டு. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் 'ஆனந்த விகடன்' இதழில் எழுதிய ஆடல் பாடல் பகுதி, இசையையும் நாடகத்தையும் படத்தையும் நகைச்சுவையோடு எடைபோட்டது. கலைஞர் பலர் அதற்கு அஞ்சினர். பலர் அதனால் திருந்தினர். அவரே பின்னர் 1939இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாக பூமி'க்குக் கதை தந்தார். திறனாய்வாளர் துறைக்குள் சென்றதற்கு இது முன்மாதிரி.

துறையினின்று திறனாய்வுக்கு வந்ததற்குச் சுகாசினி சான்று. 'சிந்து பைரவி' படத்துக்காகத் தேசிய விருது பெற்ற நடிகை. 'இந்திரா' படத்தின் இயக்குநர். ஜெயா தொலைக்காட்சியில் 'ஹாசினி பேசும் படம்' நிகழ்ச்சியை நடத்தியவர். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நடிப்பு ஆகியவற்றை உள்ளிருந்து அறிந்தவரின் விளக்கம் பொதுமக்களுக்கு எளிதில் கிட்டாத ஒன்று. அதே வேளையில், உடன்பணியாற்றுவோரின் படத்தைக் கடிந்துரைத்தல் எவர்க்கும் எளிதன்று. 2015இல் ஒரு பட விழா மேடையில், தகுதியுடையவரே திறனாய்வு செய்ய வேண்டும் என்ற கருத்துப்பட அவர் பேசியபோது இணைய உலகில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. கருத்து தவறன்று; தகுதி எது என்பதை விளக்காது விட்டதே எதிர்ப்புக்கு இடமளித்தது. கேலிச்சித்திரக்காரரும் எழுத்தாளருமான மதன், துறைக்குப் புறத்தே நின்று தொலைக்காட்சியில் படங்களைப் பற்றிப் பேசியவர். உலகப் படங்களையும் வரலாற்றையும் பயின்ற அறிவு அவருக்குத் துணை நின்றது.

ஆகவே உள்ளிருப்பவரா வெளியிலிருப்பவரா என்பது முடிவான வினாவன்று. உள்ளிருப்பவர்க்கு நடுவுநிலையும், வெளியிலிருப்பவர்க்குப் பயிற்சியும் தேவை. அவரவர்க்கு எது குறையுமோ அதையே தேர்வில் ஆராய வேண்டும்.

இனி, தேர்வே வேண்டா, எல்லோரும் பேசட்டும் என்பாரும் உளர். இணையத்தில் இன்று அதுவே நடக்கிறது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டுப் படத்தயாரிப்பாளர் அமைப்பு ஒன்று, திரையரங்கு வளாகத்தில் மக்களிடம் கருத்துக் கேட்டுப் படம்பிடிக்கும் இணைய அலைவரிசைகளை உள்ளே விடவேண்டா என்று திரையரங்கு உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வாயை அடைத்தல் திறனாய்வை வளர்க்கும் வழியன்று. ஆனால் படம் முடிந்து படியிறங்கும்போது எழும் கூச்சல் திறனாய்வும் ஆகாது. பெரட்டில் பேசியவர்கள் ஓர் இரவு உறங்கி எழுந்து பேசினார்கள் என்பதை மறத்தல் கூடாது.

'ஜகாட்' என்னும் உரைகல்

மலேசியத் தமிழ்த் தொலைக்காட்சிக்கு ஒரு நடத்துநரைத் தேர்வதாயின், அவருக்கு வைக்கத்தக்க தேர்வுத்தாள் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்', 2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதைப் பெற்ற தமிழ்ப் படம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் புறநகர்க்குப் பெயர்ந்த குடும்பங்களின் 1990களின் வாழ்வைச் சொல்வது. கற்பனை வளம் மிக்க சிறுவன் அப்போய், படித்து முன்னேறு என்று கண்டிக்கும் தந்தை, குண்டர் கூட்டத்தில் சேர்ந்த உறவினர் ஆகியோரிடையே கதை நகர்கிறது.

இப்படத்தின் பெயரையே முதல் வினாவாக வைக்கலாம். வடமொழி அறிந்த ஒருவர் 'ஜகத்து' என்பதன் திரிபு எனக் கொண்டு, உலகம் என்று பொருள் சொல்லிவிடக் கூடும். தோட்டத்துப் பேச்சை அறிந்தவரே, தீயது என்னும் பொருளுடைய மலாய்ச் சொல் தமிழர் நாவில் இவ்வாறு திரிந்தது என்பதை உணர்வார். பெயரிலேயே வழுக்கியவர் படத்துள் எங்ஙனம் நுழைவார்? இரண்டாம் வினா: அப்போயின் தந்தை கை ஓங்கும் இடத்தில் அவரைக் கொடியவர் என்று மட்டும் சொல்லிச் செல்வாரா, அக்கைக்குள் இருக்கும் அச்சத்தையும் காண்பாரா? பாரோய் போன்ற இடங்களில் ரப்பர் மரங்கள் நின்ற நிலம் இன்று வீட்டு வரிசைகளாக நிற்கிறது. அந்நிலத்தை விட்டுப் பெயர்ந்தோரின் நினைவு அறியாதவர்க்கு அந்தத் தந்தையின் சினம் விளங்காது. தீபக் குமரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை'க்கும் இது பொருந்தும். 2005இல் வெளிவந்த அப்படம் 1960களின் ரப்பர்த் தோட்டக் குடும்பம் ஒன்றைக் காட்டுவது. அதன் மெதுவான நடையை இழுவை என்று தள்ளுபவர், தோட்டத்துப் பகல் எத்துணை நீளமானது என்பதை அறியாதவரே.

பெருஞ்செலவில் எடுத்த சென்னைப் படத்துக்கு இவருடைய தயவு தேவையில்லை. நடத்துநரின் சொல்லால் வாழவும் வீழவும் கூடியவை இத்தகைய சிறிய படங்களே. ஆதலால் இவற்றைக் கொண்டே அவரை அளத்தல் நேர்மையானது.

தேர்வு நடத்துவோர் செய்யத்தக்கது எளிதே. முகத்தையும் குரலையும் ஒத்திகை பார்க்குமுன், வேட்பாளர் பலரையும் ஒரு படத்தின்முன் அமர்த்துக. திரையை அவர்கள் பார்க்கட்டும். அவர்களைத் தேர்வாளர் பார்க்கட்டும். எவர் கைப்பேசியை எடுக்கிறார், எவர் பிறர் முகத்தை நோக்கித் தம் கருத்தை மாற்றுகிறார், எவர் தம்மை மறந்து நகைக்கிறார், எவர் கண் கலங்குகிறார் என்பதைக் காண்க. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தவை எட்டும் மெய்யின்கண் தோன்றுவன. அவற்றை ஒத்திகையால் நெடுநேரம் நடிக்க இயலாது. மறுநாள் அவர்களை அழைத்து, உணர்ந்ததற்குக் காரணம் கூறச் செய்க. முதல்நாள் உருத்திரசன்மனாக இருந்து, மறுநாள் நக்கீரராகப் பேச வல்லவர் எவரோ அவரே வேண்டப்படுபவர்.

இவ்வளவு கவலை ஒரு பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்கு வேண்டுமா என வினவலாம். வீட்டுக்கு வெளியே தமிழ் கேட்கும் வாய்ப்புக் குறைந்த நாட்டில், திரைப்படம் பற்றிய பேச்சே மாணவர் பலர்க்குக் கிடைக்கும் முதல் திறனாய்வுப் பாடம். 'சூப்பர்', 'மொக்கை' என்னும் இரு சொற்களுக்குள் ஒரு படைப்பை அடக்கிவிடலாம் என்று அங்கே கற்கும் பிள்ளை, சிலப்பதிகாரத்தைப் படிக்கும்போதும் அவ்விரு சொற்களையே தேடும். ஏன் பிடித்தது, எங்கே குறைந்தது என்று காரணம் கூறும் ஒருவரை வாரந்தோறும் கேட்கும் பிள்ளையோ, தன் கட்டுரைத் தாளிலும் காரணம் எழுதத் தொடங்கும். ஆசிரியர் பல நாள் முயன்று கற்பிப்பதை அரைமணி நேர நிகழ்ச்சி வளர்க்கவும் கூடும், அழிக்கவும் கூடும்.

நல்ல நடத்துநர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியில் மாணவர்க்கு ஒரு குறும்படத்தைக் காட்டி, மறுநாள் காலையில் ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். முதல் ஆண்டில் கதைச் சுருக்கமே வரும். அடுத்த ஆண்டில் 'எனக்குப் பிடித்தது' என்பது வரும். மூன்றாம் ஆண்டில் 'ஏனெனில்' என்னும் சொல் வரும். அச்சொல்லை எழுதப் பழகிய பிள்ளைகள் பெருகிய நாட்டில், நிறைகோலின் முள் சாய்வதை எவரும் மறைக்க இயலாது.